அனுப்பிவைப்பதோடு முடிவதில்லை: தெருவில் வாழும் குழந்தைகள் குறித்த வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், தெருவில் வாழும் குழந்தைகளை மீட்டுக் குடும்பத்தோடு சேர்க்கும் பணியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். வீட்டைவிட்டு வந்துவிட்ட குழந்தைகளில் பலருக்குப் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ இருக்கிறார்கள் என்றும், அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது முடியாத காரியமல்ல என்றும் அதில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில், ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே விடையளிக்கிறோம். குழந்தைகளைப் பற்றிய கடிதங்களில் ஊர், பெயர் எதையும் வெளியிடுவதில்லை என்பது இப்பகுதியின் வழக்கம்.

கேள்வி (ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர்): சிறுவன் தன் ஊரையும் தந்தையின் பெயரையும் சரியாகச் சொல்லிவிட்டான். வீட்டாரும் தொலைபேசியில் பேசிவிட்டார்கள். அப்படியிருந்தும் அவனைப் பல வாரங்கள் காப்பகத்தில் வைத்திருந்தார்கள் என்று அறிந்தேன். பெற்றோர் வந்து கேட்ட அன்றே ஒப்படைப்பதில் என்ன தடை?

பதில்: உங்கள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகராததால் மட்டுமே குழந்தைகள் காப்பகத்தில் நாள் கடத்துவதும் நடக்கிறது. அதை யாரும் ஆதரிக்க முடியாது. ஆனால் எல்லாத் தாமதமும் அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

ஒரு குழந்தை வீட்டைவிட்டு வெளியேறியிருந்தால், அதற்கு ஏதோ ஒரு காரணம் அந்த வீட்டில் இருந்திருக்கிறது. அடிக்கு அஞ்சியோ, பள்ளியில் நேர்ந்த அவமானம் தாங்காமலோ, தந்தையின் குடியாலோ, மறுமணத்துக்குப் பிறகு தனக்கு அங்கே இடமில்லை என்ற எண்ணத்தாலோ அது கிளம்பியிருக்கலாம். அக்காரணம் என்னவென்று தெரிந்துகொள்ளாமல் ஒப்படைப்பது, குழந்தையை அதே காரணத்தின் கையில் திரும்பக் கொடுப்பதாகும். அதனால்தான் களப்பணியாளர் ஒருவர் வீட்டுக்கு நேரில் சென்று, அங்கே யார் யார் இருக்கிறார்கள், குழந்தை எங்கே படுத்துறங்கும், மற்ற பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, கடன் தொல்லை உண்டா என்றெல்லாம் பார்த்து அறிக்கை எழுதுகிறார். அந்த அறிக்கைக்காகக் காத்திருக்கும் நாள்கள் வீண் நாள்கள் ஆகா. இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், மீட்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள், அக்குழந்தையைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக்குழுவின் முன் கொண்டுவர வேண்டும் என்றும், குழந்தையின் குடும்பச் சூழலைப் பற்றிய சமூக விசாரணையை 15 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும், முதன்முதலாகக் குழுவின் முன் கொண்டுவரப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் இறுதி உத்தரவு பிறப்பிக்க வகைசெய்ய வேண்டும் என்றும் காலவரையறை வைத்திருக்கிறது. அவசரத்துக்கும் அலட்சியத்துக்கும் நடுவில் ஒரு வழியைச் சட்டம் தேடியிருக்கிறது என்றே இதைப் படிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. "நான்தான் மாமா" என்று சொல்லிக்கொண்டு வருபவர் எல்லோரும் மாமா அல்லர். குழந்தைகளை வேலைக்கு அனுப்பிக் காசு பார்ப்பவர்களும் உறவினர் வேடத்தில் காப்பக வாசலுக்கு வருவதுண்டு. தொலைபேசியில் கேட்ட ஒரு குரலை மட்டும் நம்பிக் குழந்தையை அனுப்ப முடியாது.

கேள்வி (கல்லூரி மாணவி ஒருவர்): பெயரையே மாற்றிச் சொல்லும் குழந்தைகளும், ஊர்ப் பெயர் தெரியாத சின்னஞ்சிறு குழந்தைகளும் இருக்கிறார்களே, அவர்களுடைய குடும்பத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: இந்தப் பணியில் மிகுந்த நுட்பம் தேவைப்படும் பகுதி இதுதான். தெருவில் சில மாதங்கள் வாழ்ந்த குழந்தை முதலில் சொல்லும் பெயர் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. கேட்பவர் காவலரா, ஆள்பிடிப்பவரா, உதவ வந்தவரா என்று தெரியாத நிலையில், பொய்ப்பெயர் அதற்கு ஒரு பாதுகாப்பு. ஆகவே அனுபவமுள்ள பணியாளர் முதல் நாளிலேயே முகவரியைக் கேட்டு நச்சரிக்க மாட்டார். குளிக்க, உண்ண, உறங்க இடம் தந்து, விளையாட விட்டு, பேச்சு தானாக வரும்வரை காத்திருப்பார். உண்மைப் பெயர் பெரும்பாலும் விசாரணை அறையில் வெளிப்படுவதில்லை. விளையாட்டின் நடுவிலோ, காய்ச்சலில் படுத்திருக்கும்போதோ, இரவில் விளக்கணைத்த பிறகோ வெளிப்படுகிறது.

ஆறேழு வயதுக் குழந்தைக்குத் தன் மாவட்டத்தின் பெயர் தெரியாமல் இருக்கலாம். தாயின் பெயரைக் கேட்டால் "அம்மா" என்றுதான் சொல்லும். ஆனால் பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடக்கும் வழி அதன் காலுக்குத் தெரியும். தாளும் வண்ணக்கோலும் கொடுத்து அந்த வழியை வரையச் சொல்வார்கள். வீட்டு வாசலில் நின்றால் வெயில் எந்தப் பக்கமிருந்து வரும், தண்ணீர் எங்கே எடுப்பார்கள், வழியில் பாலம் உண்டா, ரயில் சத்தம் கேட்குமா, பேருந்தின் நிறம் என்ன, பள்ளிச் சீருடையின் நிறம் என்ன, ஊரார் என்ன பயிரிடுகிறார்கள், வழிபாட்டிடத்திலிருந்து எப்போது எப்படிப்பட்ட ஒலி வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஒரே நாளில் அல்ல, பல நாள்களில், பேச்சுவாக்கில். குழந்தை பேசும் வட்டார வழக்கும், தாத்தா பாட்டியை அது எந்த முறைப்பெயரால் அழைக்கிறது என்பதும் கூடத் தேடும் பரப்பைச் சுருக்கிவிடும். இவற்றையெல்லாம் வரைபடத்தோடும், காணாமல்போனோர் பதிவுகளோடும், அப்பகுதிப் பள்ளிகளின் வருகைப் பதிவேடுகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஓர் ஊர் மெல்ல மெல்லத் துலங்கும்.

போரிலும் பேரிடரிலும் இது இன்னும் பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1994ஆம் ஆண்டின் ருவாண்டா இனப்படுகொலைக்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் குடும்பத்தைப் பிரிந்து நின்றார்கள். செஞ்சிலுவைச் சங்கமும் யுனிசெஃபும் வேறு அமைப்புகளும் குழந்தைகளின் விவரங்களைப் பதிவு செய்ததோடு, பேசத் தெரியாத மழலைகளின் புகைப்படங்களை முகாம்களில் பார்வைக்கு வைத்தன; கூட்டத்தில் ஒருவர் கண்ணில் பட்டால் போதும் என்பதே நோக்கம். அதன் பிறகும், குழந்தையிடமும் உரிமை கோருபவரிடமும் தனித்தனியே ஒரே கேள்விகளைக் கேட்டு, விடைகள் பொருந்துகின்றனவா என்று பார்த்த பின்னரே ஒப்படைப்பது இத்துறையில் வழக்கம்.

இதனோடு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தெருவில் பார்த்த குழந்தையின் படத்தை "இவனைத் தெரியுமா, பகிருங்கள்" என்று சமூக வலைத்தளத்தில் போடுவது நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தீங்காக முடியக்கூடும். அக்குழந்தை யாரிடமிருந்து தப்பி வந்ததோ அவரும் அந்தப் படத்தைப் பார்ப்பார். குழந்தைகளுக்கான உதவி எண்ணை அழைத்துச் சொல்வதே முறை. இந்தியாவில் 1996இல் மும்பையில் தொடங்கப்பட்ட 1098 சேவை அதற்கென்றே இருக்கிறது.

கேள்வி (வாசகர் பலர்): உலகில் மொத்தம் எத்தனை தெருக்குழந்தைகள் இருக்கிறார்கள்? அவர்கள் அநாதைகள்தானே?

பதில்: 1980களின் இறுதியிலிருந்து "பத்துக் கோடி" என்ற எண் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகிறது, ஆனால் அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதற்கு நம்பத்தகுந்த அடிப்படை இல்லை. இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களை, அதுவும் அதிகாரிகளைக் கண்டால் மறைந்துகொள்பவர்களை, எண்ணுவது எளிதல்ல. இரண்டாவது கேள்விக்கு விடை: பெரும்பாலோர் அநாதைகள் அல்லர். பகலில் தெருவில் உழைத்துவிட்டு இரவில் வீடு திரும்பும் குழந்தைகள் ஒரு வகை. குடும்பத்தோடேயே நடைபாதையில் வாழ்பவர்கள் இன்னொரு வகை. குடும்பத் தொடர்பு அறுந்தோ, அறும் நிலையிலோ தனியாகத் தெருவில் உறங்குபவர்கள் மூன்றாவது வகை. மூன்றாம் வகையினர் எண்ணிக்கையில் மிகக் குறைவு. குடும்பத்தோடு சேர்த்துவைத்தல் என்று நாம் பேசுவது அவர்களைப் பற்றியே. முதல் இரு வகையினருக்கும் குடும்பம் கூடவே இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது வருமானமும் வீடும் பள்ளியும்.

கேள்வி (வணிகர் ஒருவர்): காவல்துறை வாகனத்தில் ஏற்றிச் சென்று எல்லோரையும் ஒரே நாளில் அவரவர் ஊருக்கு அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பதில்: செய்து பார்த்த நாடுகள் உண்டு. செனகலில் 2016ஆம் ஆண்டு, தெருவில் பிச்சையெடுக்கும் குழந்தைகளை அகற்றும்படி அந்நாட்டு அதிபர் உத்தரவிட்டார். அக்குழந்தைகளில் பலர் மதக்கல்விக்காகப் பெற்றோரால் தொலைவிலுள்ள ஆசிரியர்களிடம் ஒப்படைக்கப்பட்டு, அந்த ஆசிரியர்களால் பிச்சைக்கு அனுப்பப்பட்டவர்கள். அகற்றப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் அதே ஆசிரியர்களிடமே திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று மனித உரிமை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். குழந்தையைப் பிச்சைக்கு அனுப்பியவரைத் தொடாமல் குழந்தையை மட்டும் இடம் மாற்றினால், வேறு என்ன நடக்கும்?

வளைத்துப் பிடிப்பதால் இன்னொரு கேடும் விளைகிறது. வாகனத்தைக் கண்டவுடன் குழந்தைகள் பாலத்தின் அடியிலும் கைவிடப்பட்ட கட்டடங்களிலும் ஒளிந்துகொள்ளப் பழகுகிறார்கள். பல மாதங்கள் பாடுபட்டு அவர்களோடு பழகியிருந்த களப்பணியாளருக்கும் அவர்கள் அகப்படாமல் போகிறார்கள். ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைகள் குழு 2017ஆம் ஆண்டில் தெருச் சூழலில் வாழும் குழந்தைகளைப் பற்றியே தனியாக வெளியிட்ட 21ஆம் பொதுக் கருத்துரை, இவர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பதையும், வெறும் இரக்கத்துக்குரிய பொருளாகப் பார்ப்பதையும் ஒருசேர மறுத்து, உரிமையுள்ள மனிதர்களாகப் பார்க்கச் சொல்கிறது. இது ஏட்டுச் சுரைக்காய் என்று தோன்றுமானால், குவாத்தமாலாவில் நடந்ததை நினைவூட்ட வேண்டும். அங்கே 1990ஆம் ஆண்டு தெருவில் வாழ்ந்த ஐந்து இளைஞர்களும் சிறுவர்களும் காவல்துறையினரால் கொல்லப்பட்டார்கள். 1999ஆம் ஆண்டு அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் அந்நாட்டைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தபோது, உயிர் வாழும் உரிமை என்பது கொல்லப்படாமல் இருப்பது மட்டுமன்று, கண்ணியமாக வாழ்வதற்கான சூழலும் அதில் அடங்கும் என்று கூறியது. தெருவைச் சுத்தப்படுத்துவது என்ற சொல் குழந்தைகளைக் குறித்துப் புழங்கத் தொடங்கும் இடத்தில் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி (ஒரு தாய்): ஓராண்டுக்கு மேல் காணாமல்போயிருந்த எங்கள் பதின்மூன்று வயது மகன் திரும்பிவந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. வந்த முதல் வாரம் நன்றாக இருந்தான். இப்போது பொய் சொல்கிறான், கட்டிலில் படுக்காமல் வாசற்பக்கத் தரையில் படுக்கிறான், தம்பியை அடிக்கிறான், திரும்பப் போய்விடுவேன் என்று மிரட்டுகிறான். அவன் தந்தைக்குப் பொறுமை போய்விட்டது. நாங்கள் என்ன தவறு செய்கிறோம்?

பதில்: அம்மா, நீங்கள் எழுதியிருப்பவை யாவும் திரும்பிவந்த பிள்ளைகளின் வீடுகளில் வழக்கமாக நடப்பவையே. முதல் சில வாரங்கள் அமைதியாகக் கழிவதும், அதன் பிறகு சிக்கல்கள் தலைதூக்குவதும் இப்பணியில் இருப்போர் நன்கறிந்த ஒன்று. உங்கள் வீடு மட்டும் விதிவிலக்கு என்றோ, உங்கள் மகன் கெட்டுப்போய்விட்டான் என்றோ முடிவுக்கு வர வேண்டாம்.

அவனது நிலையிலிருந்து சற்றுப் பாருங்கள். ஓராண்டுக் காலம் தன் சோற்றைத் தானே தேடிக்கொண்டான். எப்போது உறங்குவது, யாரை நம்புவது, யாரிடமிருந்து ஓடுவது என்பதையெல்லாம் தானே முடிவு செய்தான். கையில் காசு புழங்கியது. தன் காசைத் தான் செலவழித்தான். அங்கே அவனுக்கு நண்பர்களும் இருந்தார்கள், அவர்களுள் ஒருவேளை அவன் உயிரைக் காத்தவனும் இருந்திருப்பான். இப்போது கடைக்குப் போகவும் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததில் அவனுக்குக் கிடைத்தவை எவை என்று நமக்குத் தெரிகிறது. இழந்தவை எவை என்று அவன் சொன்னாலன்றி நமக்குத் தெரிவதில்லை. கட்டிலில் படுக்க மறுப்பதும் இதைச் சேர்ந்ததே. தெருவில் உறங்கியவன் எழுந்து ஓட வசதியான இடத்தில்தான் படுப்பான். அரைக்கண் உறக்கம்தான் அங்கே அவனைக் காத்தது. வாசற்பக்கத்தில் படுக்கட்டும். பாய், போர்வை, இரவு விளக்கு இருந்தால் போதும். உடம்பு பயத்தை மறந்த பிறகு அவனாகவே உள்ளே வருவான். அதற்கு நாள் குறிக்காதீர்கள்.

பொய்யைப் பற்றி ஒரு சொல். "அங்கே என்ன செய்தாய், யார் உன்னைக் கூட்டிப்போனது, ஏன் ஓடினாய்" என்று வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் மாறி மாறிக் கேட்கும்போது, சொல்ல முடியாதவற்றை மறைக்க அவனுக்குக் கிடைக்கும் ஒரே கருவி பொய்தான். பாலியல் துன்பத்துக்கு ஆளான சிறுவர்கள், ஆண்பிள்ளை என்ற காரணத்தாலேயே அதை வெளியே சொல்லக் கூசுவார்கள். ஆகவே உறவினர் கூடியிருக்கும் இடத்தில் அவனிடம் அந்தக் காலத்தைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது என்று நீங்கள் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அவனாகச் சொல்ல வரும்போது கேளுங்கள். அதிர்ச்சியடையாமல், இடைமறிக்காமல் கேளுங்கள். பசையோ, வண்ணப்பூச்சைக் கரைக்கும் தின்னரோ முகரும் பழக்கம் இருந்ததா என்பதை மட்டும் ஒரு மருத்துவர் மூலம் அறிந்துகொள்வது நல்லது. பசியையும் குளிரையும் மரத்துப்போகச் செய்வதால்தான் தெருவில் குழந்தைகள் அவற்றை நாடுகிறார்கள். நிறுத்தும்போது எரிச்சலும் தூக்கமின்மையும் வருவதுண்டு. நீங்கள் காணும் கோபத்தில் ஒரு பகுதிக்கு அது காரணமாக இருக்கலாம்.

தம்பியை நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். அண்ணன் இல்லாத ஓராண்டில் அவன்தான் வீட்டில் மூத்த பிள்ளையாக இருந்திருப்பான். அண்ணனால் தாய் அழுததைக் கண்டிருப்பான். இப்போது எல்லோருடைய கவனமும் திரும்பி வந்தவன் மேல் இருக்கிறது. அவனோடும் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். இருவரையும் ஒரே வேலையில் சேர்த்துவிடுவது சில வீடுகளில் பலன் தந்திருக்கிறது.

அவன் தந்தையிடம் நான் சொல்ல விரும்புவது, இந்தப் பக்கத்தைக் காட்டினால் அவரே படித்துக்கொள்ளட்டும்: ஐயா, முதல்முறை அவன் போனதற்கு அடியும் ஒரு காரணமா என்பதை உங்களுக்குள்ளேயே கேட்டுப் பாருங்கள். வெளியே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இப்போது கை ஓங்கினால், போகும் வழி அவனுக்கு ஏற்கெனவே தெரியும். "திரும்பப் போய்விடுவேன்" என்று அவன் சொல்வதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாமல், இங்கே ஏதோ ஒன்று தாங்கவில்லை என்ற செய்தியாக எடுத்துக்கொண்டால், அது எது என்று கேட்கத் தோன்றும்.

உங்கள் மகனை ஒப்படைத்த அமைப்பு அதன் பிறகு உங்களை வந்து பார்த்ததா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லையென்றால் நீங்களே அவர்களைத் தொடர்புகொண்டு, ஆற்றுப்படுத்துநர் (மனநல ஆலோசகர்) ஒருவரை அனுப்பச் சொல்லுங்கள். உதவி கேட்பது தோல்வியை ஒப்புக்கொள்வதாகாது. நான்காம் மாதத்தில் கேட்பது, ஏழாம் மாதத்தில் பிள்ளையைத் தேடி அலைவதை மிச்சப்படுத்தும். அவன் மறுபடியும் போய்விட்டால்கூட, எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். ஒரே தடவையில் நிலைகொள்ளாமல், போய்ப் போய்த் திரும்பி, கடைசியில் வீட்டிலேயே தங்கிவிட்ட பிள்ளைகள் பலர் உண்டு. "நீ எப்போது வந்தாலும் கதவு திறந்திருக்கும்" என்பது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும்.

கேள்வி (பள்ளி ஆசிரியை): அப்படித் திரும்பிவந்த மாணவன் ஒருவனை என் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். தன்னைவிட மூன்று வயது இளையவர்களோடு உட்கார வேண்டியிருக்கிறது. பாதி நாள் வருவதில்லை. நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில்: அவனுக்கு எழுத்து வராமல் இருக்கலாம்; கணக்கு வரும். தெருவில் சில்லறை எண்ணி, பேரம் பேசிப் பிழைத்த பிள்ளைகள் மனக்கணக்கில் வகுப்பையே முந்திவிடுவதுண்டு. பிரேசிலில் தெருவில் பொருள் விற்ற சிறுவர்களை 1980களில் ஆராய்ந்த உளவியலாளர்கள், கடை நடுவில் வாய்க்கணக்காகச் சரியாகச் சொன்ன விடையை அதே சிறுவர்கள் தாளில் எழுதச் சொன்னபோது தவறவிட்டதைக் கண்டார்கள். உங்கள் மாணவனுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்க இது ஒரு வழி காட்டும். வயதுக்கேற்ற வகுப்பில் உட்காரவைத்து, விடுபட்ட பாடத்தை இணைப்புப் பயிற்சியாகத் தனியே தருவது, சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்து நாளும் கூசச் செய்வதைவிட நல்லது. தலைமை ஆசிரியரிடம் பேசிப் பாருங்கள். வராத நாள்களுக்குத் தண்டனை தராமல், வந்த நாளில் "நேற்று நீ இல்லாதது தெரிந்தது" என்று மட்டும் சொல்லுங்கள். அவனுடைய பழைய வாழ்க்கை மற்ற மாணவர்களுக்குத் தெரியவே வேண்டாம். பள்ளி அலுவலகத்தில் அது யார் யாருக்குத் தெரியும் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தகைய செய்திகள் பெரும்பாலும் ஆசிரியர் அறையிலிருந்துதான் கசிகின்றன.

கேள்வி: கை நீட்டும் குழந்தைக்குக் காசு கொடுக்கலாமா?

பதில்: அந்தக் காசு பல நேரங்களில் குழந்தையிடம் நிற்பதில்லை. பசி தெரிந்தால் உணவு கொடுங்கள், பெயர் கேளுங்கள், உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி (வழக்கறிஞர் ஒருவர்): குடும்பத்தோடு சேர்ப்பதே எப்போதும் நல்லது என்ற தொனி உங்கள் குறிப்பில் இருந்தது. வீடே ஆபத்தான இடமாக இருந்தால்?

பதில்: அந்தத் தொனி இருந்திருந்தால் இங்கே தெளிவுபடுத்துகிறேன். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை தன் 9ஆம் பிரிவில், பெற்றோரிடமிருந்து குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்பதைப் பொது விதியாக வைத்துவிட்டு, குழந்தையின் நலனுக்குப் பிரிப்பதே தேவை என்று முறைப்படி முடிவாகும் நேர்வுகளை விலக்காக வைத்திருக்கிறது. கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளாவது அப்படிப்பட்ட நேர்வு. காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகர் கின்ஷாசாவின் தெருக்களில், சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டுக் குடும்பத்தாராலேயே விரட்டப்பட்ட குழந்தைகள் ஏராளம். வீட்டில் ஒருவர் இறந்தாலோ, தொழில் நொடித்தாலோ, பழி குழந்தைமீது விழுகிறது. அதிலும் பெற்றோரை இழந்து மாற்றாந்தாயோடோ உறவினரோடோ வளரும் குழந்தைமீது எளிதில் விழுகிறது. அந்நாட்டின் 2009ஆம் ஆண்டுக் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் அப்படிக் குற்றம் சாட்டுவதையே தண்டனைக்குரியதாக்கியது. அத்தகைய குழந்தையைப் பழி விலகுமுன் அதே வீட்டு வாசலில் விடுவது கொடுமையன்றி வேறில்லை.

ஆனால் ஒரு வீடு ஆகாது என்றால் அடுத்த வழி பெரிய காப்பகம்தான் என்று நினைப்பதும் பிழை. தாய்வழிப் பாட்டி, சித்தி, மூத்த அண்ணன் என்று உறவுக்குள்ளேயே பாதுகாப்பான இடம் இருக்கிறதா என்று தேட வேண்டும். அதற்குப் பிறகே வளர்ப்புக் குடும்பம், சிறிய குழு இல்லம் ஆகியவை. ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்களும் பெரிய நிறுவனங்களைக் கைவிட்டுக் குடும்பச் சூழலை நோக்கி நகரவே சொல்கின்றன. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஆய்வு இதற்கு வலுவான சான்று. நிறுவனங்களில் வளர்ந்த 136 மழலைகளில், குலுக்கல் முறையில் ஒரு பகுதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துத் தொடர்ந்து கவனித்தபோது, குடும்பத்தில் வளர்ந்தவர்களின் அறிவாற்றலும் பாசப்பிணைப்பும் மேம்பட்டன. இரண்டு வயதுக்கு முன் சேர்க்கப்பட்டவர்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது. தெருவில் வாழ்வோர் வயதில் பெரியவர்கள் என்பதால் அம்முடிவுகளை அப்படியே பொருத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், ஒரே கூடத்தில் நூறு பேரைப் படுக்கவைக்கும் இல்லங்களுக்கு நன்கொடை திரட்டுபவர்கள் அவற்றைப் படிக்க வேண்டும்.

பதினைந்து, பதினாறு வயதான சிலர் எங்கும் போக மறுப்பார்கள். அவர்கள் சொல்லைக் கேட்க வேண்டும் என்று அதே உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டோடு தொலைபேசித் தொடர்பு, திருவிழாவுக்குப் போய்வருவது, ஒரு தொழில் கற்றுக்கொண்டு நண்பர்களோடு கண்காணிப்பில் வசிப்பது என்ற அளவில் நிற்பதும் அவர்களுக்கு ஒரு நல்ல முடிவாக இருக்கலாம்.

கேள்வி (வெளிநாட்டில் வாழும் வாசகர்): இத்தகைய பணிக்கு நன்கொடை அளிக்க விரும்புகிறேன். நல்ல அமைப்பை எப்படி இனங்காண்பது?

பதில்: ஆண்டறிக்கையில் "இத்தனை குழந்தைகளைக் குடும்பத்தோடு சேர்த்தோம்" என்ற எண் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். அதை விட்டுவிட்டு, சென்ற ஆண்டு சேர்த்தவர்களில் இன்றும் வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எழுதிக் கேளுங்கள். அந்த எண்ணை வைத்திருக்கும் அமைப்பு, முதல் எண் சிறிதாக இருந்தாலும், உங்கள் பணத்துக்குத் தகுதியானது. 2016ஆம் ஆண்டு பல குழந்தைநல அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட குழந்தைகள் மறுஇணைப்பு வழிகாட்டுதல்கள், வீடு சேர்த்தலை ஒரு நாள் நிகழ்வாகக் கருதாமல், தயாரிப்பில் தொடங்கித் தொடர்கண்காணிப்பு வரை நீளும் பணியாகவே வகுக்கின்றன. நடைமுறையிலோ, மீட்பதற்கும் காப்பகத்துக்கும் எளிதில் பணம் சேர்கிறது. ஒப்படைத்த பின் போய்ப் பார்ப்பதற்குச் சேர்வதில்லை. கேமராவுக்குத் தாய் மகனைக் கட்டியணைக்கும் காட்சி கிடைக்கும். எட்டாம் மாதம் களப்பணியாளர் திண்ணையில் உட்கார்ந்து பள்ளிக் கட்டணத்தைப் பற்றிப் பேசுவதில் காட்சி ஏதுமில்லை.

ஆகவே மூன்று செய்திகளை விசாரியுங்கள். ஒரு களப்பணியாளரின் பொறுப்பில் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன. குடும்பத்துக்குச் சிறுதொழிலுக்கோ கல்விச் செலவுக்கோ உதவும் திட்டம் உண்டா. குழந்தைகளின் முகம் தெரியும் படங்களை அவர்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்துகிறார்களா. கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்றால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை, வேறு அமைப்பைப் பாருங்கள். மற்றவை திருப்தியாக இருந்தால், உங்கள் நன்கொடையைப் பணியாளர்களின் பயணச் செலவுக்கென்று குறிப்பிட்டே அனுப்புங்கள். தொலைவிலுள்ள ஊருக்குப் பேருந்தில் போய், ஒரு பிற்பகல் முழுவதும் அந்த வீட்டில் இருந்து, இரவு திரும்பிவரும் செலவுக்குத்தான் பெரும்பாலான அமைப்புகளிடம் பணம் இருப்பதில்லை.